ஒரு கையெழுத்து... ஒரு கைவிலங்கு!

"ஐயோ! யாராவது ஓடி வாங்களேன்!"

அமெரிக்காவில், டொலீடோ விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல். அதன் பெரிய ஹால் அந்த அலறலில் ஸ்தம்பித்து நின்றது.

சனிக்கிழமை மத்தியானம். நடிகர்கள் காசு வாங்கிக்கொண்டு ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரும் மாநாடு களை கட்டியிருந்த நேரம். மேஜைக்கு ஒரு நட்சத்திரம், நட்சத்திரத்துக்கு ஒரு வரிசை. எல்லா வரிசையையும் விட நீளமானது ராய்ஸ் பிரானிகனின் வரிசை. டிவியில் பேய் விரட்டும் டாக்டராக வந்து ஒரு தலைமுறையையே நகம் கடிக்க வைத்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. சிரிப்பு மட்டும் இன்னும் விலை போனது.

விழுந்தது அவர் இல்லை.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவையும் போட்டோவையும் எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் ட்வேன். வாயில் நுரை. கண்கள் மேலே செருகியிருந்தன. கையில் பாதி கடித்த சாக்லேட் ஃபட்ஜ்!

ராய்ஸ் பிரானிகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். விரலை வரிசையை நோக்கி நீட்டினார்.

"அந்த மிட்டாய்... காலையில அந்தப் பொம்பளைதான் கொடுத்தா! அதோ, பச்சை ஸ்வெட்டர்!"

பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்த நோரீன் திரும்பிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் வேறு யாராவது பச்சை ஸ்வெட்டரில் நிற்கிறார்களா என்று தேடினாள்.

யாரும் இல்லை!

*

பக்கத்து அறை.

ரசிகர்கள் நட்சத்திரத்தோடு தோள் சேர்த்து நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் அறை அது. ஜன்னல் கிடையாது. ஒரு சுவர் முழுக்கக் கறுப்புத் திரை. அதற்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். வெளியே கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு ஒரு போலீஸ்காரர் நின்றார்.

நோரீன் ஈரி நகரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கூச்சல் போடும் பிள்ளைகளை ஒரே முறைப்பில் அடக்குகிறவள். இப்போது அவளே அடங்கி நின்றாள்.

நுழைவுக்காக மணிக்கட்டில் மாட்டிய பிளாஸ்டிக் பட்டை இறுக்கியது. கழற்ற வராத பட்டை. கத்தரிக்கோல் வேண்டும். காலையில் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். இப்போது அது விலங்கு மாதிரிக் கனத்தது.

எதிரே டிடெக்டிவ் மார்வா கீன். ஒல்லியான பெண்மணி. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

"உட்காருங்க நோரீன்."

"ட்வேன் எப்படி இருக்கார் மேடம்? பிழைச்சுட்டாரா?"

"ஆம்புலன்ஸ்லயே போயிட்டார்."

நோரீன் விசும்பினாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மிட்டாய் நீங்க செஞ்சதா?"

"ஆமா. நேத்து என் அடுப்படியில செஞ்சது. ஆனா நான் அதுல ஒண்ணும் கலக்கலை! சத்தியமா கலக்கலை!"

"மேலே வெள்ளையா ஏதோ தூவியிருக்கே..."

"தூவலையே! நான் பாதாம்தான் வச்சேன். வெள்ளையா எதுவும் போடலை மேடம்!"

"எல்லாக் குற்றவாளியும் சொல்ற வசனம் இது."

"நான் குற்றவாளி இல்லை!"

டிடெக்டிவ் காலை நீட்டிக்கொண்டார்.

"உங்க குறி ட்வேன் இல்லை. ராய்ஸ் பிரானிகன். வருஷக்கணக்கா லெட்டர் போட்டீங்க... ஒரு பதிலும் வரலை. ஆத்திரம். விஷம் வச்சீங்க. பாவம், ட்வேன் குறுக்கே வந்துட்டார். சரிதானே?"

"நான் அவரைக் கொல்வேனா? என் படுக்கை அறைச் சுவர் பூரா அவர் கையெழுத்துப் போட்ட படம்தான். என் புருஷன் விட்டுட்டுப் போனப்போ கூட அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் தூங்கினேன்!"

"அவரே சொல்றாரே... ஒரு துண்டை எடுத்து வாய்க்கிட்ட கொண்டு போயிட்டாராம். அந்த நேரம் போன் வந்துச்சாம். வச்சுட்டாராம். இல்லைன்னா போனது அவர்தானாம்."

நோரீன் நிமிர்ந்தாள்.

கொலைப்பழி தலைக்கு மேல் தொங்குகிறது. இருந்தாலும் அந்தப் பைத்தியக்கார மனசு ஒரு துள்ளு துள்ளியது.

"அவரா? என் ஃபட்ஜையா? சாப்பிடப் போனாரா?"

"ஏன், அதுல என்ன அதிசயம்?"

"இல்ல மேடம்... சாப்பிட மாட்டாங்களே. ரசிகர் கொடுக்கற தீனியை எந்த நடிகரும் நாக்குல வைக்க மாட்டாங்க. எவன் எதைக் கலந்திருப்பானோன்னு பயம். சிரிச்சுக்கிட்டே வாங்கி மேஜைக்கு அடியில தள்ளிடுவாங்க. ஒண்ணு, குப்பைக்குப் போகும். இல்லைன்னா கூட இருக்கற உதவியாளர் சாப்பிடுவார். முதல் தடவை வர்றவங்களுக்குத்தான் இது தெரியாது."

"தெரிஞ்சுமா கொண்டு வந்தீங்க?"

"ட்வேனுக்குத்தான் கொண்டு வந்தேன். வருஷா வருஷம் கொண்டு வருவேன். அவருக்கு ரொம்பப் பிடிக்கும். நான் தபால்ல படம் வாங்கினா, உள்ளே 'நன்றி நோரீன்'னு ஒரு துண்டுச்சீட்டு வைப்பார். அந்த மேஜையில என் பேர் தெரிஞ்ச ஒரே ஆள் அவர்தான் மேடம்."

"அதாவது... இந்தப் பெட்டியை ட்வேன்தான் காலி பண்ணுவார்ங்கறது பிரானிகனுக்கும் தெரியும்?"

"தெரியாம இருக்குமா? பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கார்!"

சொல்லி முடித்த பிறகுதான் நோரீனுக்கு உறைத்தது.

கெட்டது குடி! 'ட்வேன்தான் சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியும்' என்று தன் வாயாலேயே சொல்லியாகிவிட்டது. தன் கழுத்துக்குத் தானே சுருக்கு!

டிடெக்டிவ் எழுந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இங்கேயே இருங்க. நான் கைது உத்தரவுக்கு ஏற்பாடு பண்ணிட்டு வர்றேன்."

"மேடம்! மேடம், ப்ளீஸ்..."

கதவு சாத்தப்பட்டது. தாழ் விழுந்தது.

தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சல். யாரோ சிரித்தார்கள். யாரோ பாப்கார்ன் கேட்டார்கள். உலகம் சௌகரியமாக இருந்தது. நோரீன் மட்டும் நாலு சுவருக்குள்.

அவள் கதவைத் தட்டினாள்.

"தண்ணியாவது கொடுங்களேன்!"

இன்னும் ஓங்கித் தட்டினாள். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம். திங்கட்கிழமை காலை தன் பஸ்ஸை வேறு யாரோ ஓட்டுவார்கள். பிள்ளைகள் ஜன்னல் வழியாக, 'விஷம் வச்ச நோரீன்!' என்று கத்துவார்கள்.

தாழ் விலகும் சத்தம்!

கதவு திறந்தது.

உள்ளே வந்தவர்... ராய்ஸ் பிரானிகன்!

*

"அஞ்சு நிமிஷம் போதும் ஆபீசர். பாவம், அந்தப் பொண்ணு கிட்ட நான் மனசு விட்டுப் பேசணும்."

வெளியே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு, நோரீனின் முழங்காலை இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார்.

அத்தனை வருஷமாகச் சுவரில் பார்த்த முகம். இத்தனை கிட்டத்தில்!

"அழாதே கண்ணு. நான் உன் மேல கோவமா இல்லை."

"சார், நான் செய்யலை! நீங்களாவது நம்புங்க சார்!"

"நம்பறேன்."

"அப்போ அவங்ககிட்ட சொல்லுங்க சார்!"

"அது முடியாது கண்ணு. அவங்க முடிவு பண்ணிட்டாங்க. நீ எவ்வளவு மறுக்கறியோ அவ்வளவு ஆபத்து. நான் சொல்றபடி சொல்லு. சமையலறையில எலி மருந்து இருந்துச்சு, சர்க்கரைன்னு நினைச்சுத் தூவிட்டேன், தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லு. கோர்ட்டுல வந்து நானே உனக்காகக் கண்ணீர் விடறேன். கொஞ்ச வருஷத்துல வெளியே வந்துடலாம்."

"செய்யாததை எப்படி சார் செஞ்சேன்னு சொல்றது?"

"எனக்காகச் சொல்ல மாட்டியா?"

குரல் தேனாக இறங்கியது. பேயையே மயக்கிய குரலாயிற்றே!

"யோசிச்சுப் பாரு. நான் மாசம் ஒருதடவை உன்னைப் பார்க்க வருவேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். கூட்டம் கிடையாது. வரிசை கிடையாது. அரை மணி நேரம் முழுசா உனக்கு மட்டும். நீ ஆசைப்பட்டது இதுதானே?"

நோரீன் அவரையே பார்த்தாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமானால்... ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் மனசு சபலப்பட்டது. ஊரில் அவளுக்காகக் காத்திருப்பவர் யார்? காலி வீடு. டிவி. சுவர்.

அப்புறம் ட்வேனின் முகம் வந்து நின்றது. காலையில் பெட்டியை வாங்கும்போது, 'பாதாம் போட்டீங்களா?' என்று குழந்தை மாதிரிக் கேட்ட முகம்.

"சார்... ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு கண்ணு."

"நான் செய்யலைன்னு நம்பறேன்னு சொன்னீங்க. ஊரே சந்தேகப்படறப்போ நீங்க மட்டும் எப்படி நம்பறீங்க?"

ராய்ஸ் பிரானிகனின் சிரிப்பு அப்படியே நின்றது.

மெதுவாக அது வேறு சிரிப்பாக மாறியது.

"பஸ் ஓட்டறவள்னு சொன்னாங்க. மூளையும் ஓடுது போலிருக்கே!"

"சார்..."

"சரி. தெரிஞ்சுக்கோ. உன் பேச்சை யார் நம்பப் போறாங்க? ரசிகப் பைத்தியம் நீ. சாப்பாட்டு இடைவேளையில ட்வேன் கைகழுவப் போனான். அந்த நேரத்துல என் மாத்திரைப் பொடியைத் தூவினது நான்தான்."

நோரீன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"ஏன்? ட்வேன் உங்களுக்கு என்ன செஞ்சார்?"

"எல்லாம் செஞ்சான்! என் கையெழுத்தையே அவன்தான் போட்டான். ஒரு நாளைக்கு மூட்டை மூட்டையா ஆர்டர் வரும். எனக்கு ஏது பொறுமை? தபால்ல போன படம் ஒண்ணுலகூட என் பேனா பட்டதில்லை. திடீர்னு அவனுக்கு மனசாட்சி முளைச்சுது. ஜனங்களை ஏமாத்தறோம், நாளைக்கு மேடையில எல்லாத்தையும் சொல்லப் போறேன்னான். என் பேர் என்ன ஆகறது? இந்த வயசுல நான் ஜெயிலுக்குப் போகவா?"

"தபால்ல... ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை."

என் சுவர்!

நோரீனுக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம். அசல் கோபம். இத்தனை வருஷம் யாரைப் பார்த்துக் கும்பிட்டாள்? யார் எழுதியதைத் தடவிப் பார்த்தாள்?

"அப்போ எனக்கு நன்றி சொன்னவரும் ட்வேன்... கையெழுத்துப் போட்டவரும் ட்வேன். நீங்க யாரு சார்?"

"நான் ராய்ஸ் பிரானிகன்! வெளியே நிக்கற கூட்டத்தைக் கேட்டுப் பாரு. என் வார்த்தை பெருசா, உன் வார்த்தை பெருசா? நீ இங்கேருந்து தப்பிக்கவே முடியாது கண்ணு. ஒழுங்கா ஒத்துக்கோ!"

"மாட்டேன்!"

கத்தினாள். எழுந்து கதவை நோக்கி ஓடினாள். அவர் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிளாஸ்டிக் பட்டை சதையில் அறுத்தது.

"கையை விடுங்க மிஸ்டர் பிரானிகன்!"

குரல் வந்தது கதவிலிருந்து அல்ல.

கறுப்புத் திரையிலிருந்து!

திரை விலகியது. பின்னால் போட்டோ பிரிண்டர், சுருட்டிக் கிடந்த ஒயர்கள், ஓட்டல் சிப்பந்திகள் வந்து போகும் ஒரு சின்னக் கதவு. அவற்றுக்கு நடுவே கையைக் கட்டிக்கொண்டு டிடெக்டிவ் மார்வா கீன். பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள்.

நோரீன் வாயைப் பிளந்தாள்.

"மேடம், நீங்க... கைது உத்தரவுக்குப் போனீங்களே!"

"அது உங்களுக்குன்னு நான் சொல்லவே இல்லையே நோரீன்! ரசிகர் கொடுக்கறதை நடிகர் தொட மாட்டார்னு நீங்க சொன்னீங்க. இவரோ, கடிக்கப் போனேன்னு என்கிட்ட கதை விட்டார். எத்தனையோ வருஷமா இந்த மேஜையில உட்கார்ந்தவருக்கு இன்னிக்கு மட்டும் என்ன திடீர்ப் பசின்னு யோசிச்சேன். அப்போதான் இவர் உங்களைத் தனியாப் பார்க்கணும்னு ஆள் அனுப்பினார். தாராளமாப் பாருங்கன்னேன்!"

பிரானிகன் முகத்தில் ரத்தம் வற்றியது. இருந்தும் நடிகர் ஆயிற்றே. சமாளித்தார்.

"நான் அவளை உண்மையைப் பேச வைக்க நடிச்சேன்! செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போறானா?"

"நல்ல கேள்வி."

டிடெக்டிவ் தன் போனை உயர்த்திப் பிடித்தார். அதில் ஏற்கனவே யாரோ லைனில் இருந்தார்கள்.

"எல்லாம் கேட்டுச்சா?"

மறுமுனையில் ஒரு தொய்ந்த குரல்.

"கேட்டுச்சு மேடம்... வயித்தைக் கழுவிக் கழுவி உசிரை எடுத்துட்டாங்க. ஆனா உசிர் இருக்கு."

ட்வேன்!

நோரீன் 'ஹோ'வென்று அழுதுவிட்டாள். அந்த நாள் முழுக்க அடைத்துக் கிடந்ததெல்லாம் அந்த ஒரு அழுகையில் வெளியே வந்தது.

"செத்துட்டார்னு சொன்னீங்களே மேடம்!"

"உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன் நோரீன். விஷம் வச்சது யாருன்னு தெரியற வரைக்கும் எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சேன். செத்தவன் வாய் திறக்க மாட்டான்னு நம்பினாத்தானே இவர் வாய் திறப்பார்!"

போனில் ட்வேன் இருமினான்.

"ராய்ஸ்... இனிமே உன் கையெழுத்தை நீயே போட்டுக்கோ. முதல்ல வாக்குமூலத்துல!"

கைவிலங்கு 'க்ளிக்' என்றது.

கதவைத் திறந்தார்கள். வெளியே வரிசை அப்படியே நின்றது. கையில் போட்டோக்கள். கண்ணில் குழப்பம். பிரானிகன் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவராவது முன்னால் வருவார் என்று எதிர்பார்த்தார். வரிசை ஓரடி பின்னால் நகர்ந்தது.

அவர் திரும்பினார்.

"கண்ணு... உன் பேர் என்னமோ... நோரா? நீயாவது என்னை ஜெயிலுக்கு வந்து பார்ப்பியா?"

நோரீன் டிடெக்டிவிடமிருந்து கத்தரிக்கோலை வாங்கினாள். மணிக்கட்டுப் பட்டையை வெட்டினாள். சிவந்த தடத்தை மெல்லத் தேய்த்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"வரிசையில நில்லுங்க சார். முறை வந்தா கூப்பிடறேன்!"