எந்தச் சோலைமலை?

கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி!

"நீதானேடா சோலைமலை?"

1951, ஆகஸ்ட். இலங்கை, ஹட்டன் பஜாரில் ஒரு வாரப் பத்திரிகையின் மாடியறை. பகல் பதினொரு மணி. கார்ட்டூனிஸ்ட் சோலைமலைக்கு உயிர் போகிற பயம்... கூடவே கொஞ்சம் பெருமை!

ஒன்பது வருஷமாக வரைகிறான். அவன் படத்தைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. கோபப்பட்டதும் இல்லை. இன்று ஒருவன் கொல்லவே வந்துவிட்டான்!

"ஆமாங்க... நான்தான். எந்தப் படத்தப் பாத்துட்டு வந்தீங்க?"

"என்னடா படம்? பிரஜாவுரிமைக்கு ஒன் சங்கத்துல எழுதிக் குடுத்த ஃபாரமெல்லாம் எங்க? நாப்பது குடும்பம்! நாளைக்குக் கடைசி நாளு... கவர்மெண்ட்டு கந்தோருக்கு ஒண்ணுகூட வந்து சேரலங்கிறாங்க!"

பெருமை பொசுக்கென்று போனது.

"அது தொழிற்சங்கத் தலைவர் சோலைமலைங்க. நான் வெறும் சோலைமலை!"

"பொய்!"

"சத்தியமா! வேணும்னா ஒங்களையே வரைஞ்சு காட்டுறேன்..."

வரைந்தான். வந்தவன் உற்றுப் பார்த்தான்.

"இது யாரு?"

"நீங்கதாங்க."

"எரும மாதிரில்ல இருக்கு!"

கத்தி இறங்கியது.

"நம்புறேன். தலைவரா இருந்தா மூஞ்சிக்கு நேரா இப்படி அசிங்கப்படுத்த மாட்டாரு. சிரிச்சுக்கிட்டே பின்னால செய்வாரு."

வந்தவன் அழகுமுத்து. ராகலையில் தோட்டத் தொழிலாளி. விண்ணப்பங்கள் போய்ச் சேராவிட்டால் நாற்பது குடும்பங்களுக்கும் சொந்தமென்று ஒரு நாடு இருக்காது.

சோலைமலை டெலிபோனை எடுத்தான். தலைவர் கொழும்பில். சங்க ஆபீஸில் கிளாக்கர் செல்லசாமி மட்டும்தான்!

தலைவரைப் போலவே தொண்டையைச் செருமினான்.

"சோலைமலை பேசுறேன்!"

இதில் பொய்யே இல்லை!

"சொல்லுங்க ஐயா!"

"அந்த ராகலை ஃபாரம்..."

"மன்னிச்சிருங்க ஐயா! வேற சங்கத்துக்குப் போனவங்க ஃபாரத்தையெல்லாம் எரிச்சிடச் சொன்னீங்க... மூணு நாளா விடாத மழை. இன்னும் எரிக்கல!"

சோலைமலை ரிசீவரை வாயோடு நெருக்கிப் பிடித்தான்.

"எரிக்காத! அழகுமுத்துன்னு ஒருத்தர் வருவாரு. அப்படியே கட்டோட குடுத்துரு!"

அழகுமுத்து படிகளில் தாவி இறங்கி ஓடினான்.

மறுநாள் நாற்பது விண்ணப்பங்களும் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தன. கையோடு ரசீதும் கிடைத்தது!

அதற்கடுத்த நாள் காலை, பஜாரில் பட்டாசு! தப்பு மேளச் சத்தம்!

சோலைமலை தலையைச் சீவினான். சட்டையை நீவினான். கும்பிடுவதற்குக் கையைக்கூடத் தயாராக வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான்.

கீழே ராகலைச் சனங்கள். நடுவில், கழுத்து நிறைய மாலையோடு...

தலைவர் சோலைமலை!

அழகுமுத்து மூச்சிரைக்க மாடியேறி வந்தான்.

"நான் தோட்டத்து லயத்துல எல்லார்கிட்டயும் ஒங்க பேரத்தாங்க சொன்னேன்! 'சோலைமலை ஐயாதான் காப்பாத்துனாரு'ன்னு..."

"எந்தச் சோலைமலைன்னு சொல்லலியா?"

"அதச் சொல்றதுக்குள்ள மாலை வாங்கப் போயிட்டாங்க!"

சோலைமலை உட்கார்ந்து வரைந்தான். ஒரு கையால் விண்ணப்பங்களை அடுப்பில் போட்டுக்கொண்டே, மறுகையால் மாலை வாங்கும் தலைவர்!

பத்திரிகை ஆசிரியர் இராமையா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வாரமே போடுறோம்! ஆமா... கீழ ஒன் பேரக் காணோமே?"

"வேணாங்க. பேரப் போட்டா, இதையும் அவரே வரைஞ்சதாச் சொல்லி இன்னொரு மாலை வாங்கிக்குவாரு!"