தாகம் எடுத்த பைக்

கூடாரத்தின் ஜிப்பை இழுத்துத் தலையை வெளியே நீட்டியவள், கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினாள்.

பிணம்!

மணல் மேட்டின் அடிவாரத்தில், பச்சை ஜாக்கெட் போட்ட ஒருவன் குப்புறக் கிடந்தான். பக்கத்தில் ஒரு பைக்கும் சாய்ந்து கிடந்தது.

அவள் பல் டாக்டர். வருஷம் பூராவும் அடுத்தவர் வாய்க்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவள். அவளுக்கே அவளுக்கு என்று கிடைப்பது ஒரு வாரம்தான். தார் ரோட்டிலும் மணலிலும் ஒன்று போல ஓடும் தன் பைக்கில், தன்னந்தனியாகப் பாலைவனத்துக்கு வந்து விடுவாள்.

பயமா? இருந்தது. குறுகுறுப்பு அதை விட ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது.

பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினாள். பிணமே காத்திருந்தாலும், தேள் இருக்கிறதா என்று பார்க்காமல் அவள் காலை நுழைக்க மாட்டாள்.

கிட்டே போய் மணிக்கட்டைத் தொட்டாள்.

நாடி ஓடியது... குதிரை மாதிரி ஓடியது!

பிணம் கண்ணைத் திறந்தது. "தண்ணி..."

கொடுத்தாள். மடக் மடக்கென்று குடித்தான்.

"தனியாவா வந்திருக்கீங்க?"

"இல்லையே. வீட்டுக்காரர் அந்த மேட்டுக்குப் பின்னால போயிருக்கார்."

அவன் பார்வை ஒற்றைக் கூடாரத்துக்குப் போனது. அடுப்போரம் இருந்த ஒற்றை டம்ளருக்குப் போனது. லேசாகச் சிரித்தான்.

"நானும் உங்களை மாதிரிதாங்க. மாசக்கணக்கா இந்த வண்டியிலயே தனியா சுத்தறேன். இன்னிக்குக் காலைல நல்லா ஓடிட்டிருந்தது... திடீர்னு இருமிட்டு நின்னுடுச்சு. என்ன கோளாறுன்னே புரியல."

இரண்டு பேருமாக வண்டியை நிமிர்த்தினார்கள். டாங்க்கைத் திறந்து பார்த்தாள். பெட்ரோல் தளும்பியது. அடியில், பெட்ரோலை இன்ஜினுக்கு விடும் டேப்பைப் பார்த்தாள்.

மூடியிருந்தது!

பாலைவனத்தில் கூடாரம் போடுகிறவர்கள் பெட்ரோல் டேப்பை மூடி விட்டுத்தான் படுப்பார்கள். ராத்திரியில் ஒழுகித் தொலைந்தால் வீடு திரும்ப வழி இல்லை. காலையில் திறக்க மறந்தாலும் வண்டி கிளம்பி விடும். கார்புரேட்டரில் தேங்கியிருக்கிற பெட்ரோல் தீரும் வரை ஓடும். அப்புறம் இருமும். நின்று விடும். அவளே எத்தனையோ தடவை அசடு வழிந்திருக்கிறாள். வண்டி இருமியதுமே கை தானாக டேப்புக்குப் போகும்.

மாதக்கணக்கில் சுற்றுகிறவனுக்கு இது தெரியாதா?

இது இவன் வண்டியே இல்லை!

கூடாரத்துக்குள் சாட்டிலைட் போன் அலறியது. ஓடிப் போய் எடுத்தாள். தம்பி. போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"அக்கா, எங்க இருக்கே?"

"உப்பு ஏரிக்கு மேற்கே, வழக்கமான இடம்தான். ஏன்டா?"

"நகைக்கடை வாட்ச்மேனைச் சுட்டுக் கொன்னவன் அந்தப் பக்கம் புகுந்துட்டான். கூடாரத்துல தூங்கிட்டிருந்த ஒருத்தரோட பைக்கைக் கிளப்பிட்டு வந்திருக்கான். நான் ஜீப்புல வந்துட்டேதான் இருக்கேன். நம்ம ஒப்பந்தம் ஞாபகம் இருக்கில்ல? உன்னைக் காப்பாத்த நான் ஒரு தடவை வந்தாலும் பைக் சாவி என் கைக்கு வந்துடணும். அதோட தனியா ஊர் சுத்தறதெல்லாம் முடிஞ்சுது."

"பச்சை ஜாக்கெட்டாடா?"

"ஆமா. உனக்கெப்படி..."

அவள் முதுகில் ஏதோ குத்தியது.

துப்பாக்கி!

போனைப் பிடுங்கிக் கல்லில் ஓங்கி அடித்தான். போன் சில்லுச் சில்லாகச் சிதறியது.

"உங்க வண்டி சாவியைக் குடுங்க டாக்டரம்மா... பையில போர்டு மாட்டாத குறையா எழுதி வெச்சிருக்கீங்களே."

துப்பாக்கியை விட, சாவி என்ற சொல்தான் அவளைப் பயமுறுத்தியது. அந்த வண்டி போனால் அந்த ஒரு வாரமும் போச்சு. அப்புறம் ஆயுசு பூராவும் கடைவாய்ப் பல்தான்!

சட்டென்று ஒன்று உறைத்தது.

அவள் வண்டியின் டேப்பும் மூடித்தானே இருக்கிறது?

சிரிப்பு தொண்டை வரை வந்து விட்டது. கஷ்டப்பட்டு அதை அழுகையாக மாற்றினாள்.

"வேணாங்க. அது எனக்குக் குழந்தை மாதிரி. வேற எதை வேணாலும் எடுத்துக்குங்க."

"குழந்தையை நான் பத்திரமாப் பாத்துக்கறேன்."

உறுமிக் கொண்டு கிளம்பினான். மேட்டில் ஏறினான். மறைந்தான்.

அவள் திருட்டு பைக்கிடம் பாய்ந்தாள். சாவியை அதிலேயே விட்டிருந்தான், புண்ணியவான். டேப்பைத் திறந்தாள். கார்புரேட்டரில் பெட்ரோல் நிறையட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு உதைத்தாள். உயிர் வந்தது!

மேட்டுக்கு அப்பாலிருந்து ஒரு இருமல் கேட்டது. இன்னொரு இருமல்.

நிசப்தம்.

அப்புறம், எழுத முடியாத வார்த்தைகள்.

அவள் எதிர்த் திசையில் மணல் பறக்கப் பறந்தாள். ஹெல்மெட்டுக்குள் ஒரே சிரிப்பு. பாதி வழியில் தம்பியின் ஜீப் எதிர்ப்பட்டது.

திருடனைப் பிடிக்க ரொம்பச் சிரமம் இல்லை. உதைத்து உதைத்துக் கால் வீங்கி, நாக்கு வறண்டு, அவள் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். போலீஸ்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் காட்டியதும் துப்பாக்கியைத் தானே கீழே வைத்தான். விலங்கு மாட்டினார்கள். அவள் வண்டியைக் கூடாரத்துக்குத் தள்ளிக் கொண்டு வந்தார்கள்.

தம்பி அவளிடம் கையை நீட்டினான்.

"சாவி."

"நான்தான்டா உன்னைத் தேடி வந்தேன்."

"காப்பாத்தக் கிளம்பி வந்தது நான். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்."

தன் வண்டியில் இன்னும் மூடியே இருந்த டேப்பை ஓரக்கண்ணால் பார்த்து, அவள் பெருமூச்சு விட்டாள்.

"சரி. அந்த மேடு வரைக்கும் ஓட்டிக் காட்டு. ஓட்டிட்டா சாவி உனக்கு. முடியலன்னா எனக்கு. அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"இது ஒரு வேலையா?"

ஜீப் சீட்டைத் தவிர வேறெதிலும் உட்காராத தம்பி, பைக்கில் ஏறி மிடுக்காக உதைத்தான்.

உதைத்தான்.

தொப்பியைக் கழற்றி வைத்து விட்டு உதைத்தான். முகம் சிவந்தது. சட்டை தொப்பலாக நனைந்தது. வண்டி ம்ஹூம் என்று கூடச் சொல்லவில்லை. அவள் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த ஒற்றை டம்ளரில் தேநீர் ஊற்றிக் கொண்டாள்.

தம்பி நாக்கைத் தொங்கப் போட்டுக் கொண்டு நின்றான்.

விலங்கு மாட்டிய கையால் வாயைப் பொத்திக் கொண்டு, திருடன் பணிவாகச் சொன்னான்:

"பேசாமப் பிணம் மாதிரி குப்புறப் படுத்துடுங்க சார். அக்கா வந்து தண்ணி குடுப்பாங்க."