‘ம்’ என்பதன் பொருள்

காலையில் எழுந்ததும் இடது காதைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்வது வெஸ்டா குடியிருப்பில் பல் துலக்குவதற்கும் முந்தைய வேலை. அங்கே எல்லோருக்கும் வலது காது பிறவியில் வந்தது, இடது காது நிர்வாகம் கொடுத்தது. அதற்குச் செவிமொழி என்று பெயர். எதிரே நிற்பவர் கொரிய மொழியில் திட்டினாலும் அட்சரம் பிசகாமல் தமிழில் வந்து விழும். அந்தக் குறுங்கோளின் கண்ணாடிக் கூரைக்குக் கீழே நாற்பது மொழிக்காரர்கள் ஒரே தண்ணீரையும் ஒரே காற்றையும் பங்குபோட்டுக்கொண்டு அடிதடி இல்லாமல் வாழ்ந்தார்கள் என்றால், அந்தப் புண்ணியம் இடது காதையே சேரும்.

மருதவாணன் இந்தக் காதுகளுக்குத் தலைமைப் பொறியாளன். பெரிய சொற்கள் அவனுக்குத் தொந்தரவு கொடுத்ததே இல்லை. ‘அரசியலமைப்பு’ எந்த மொழிக்குப் போனாலும் ஒழுங்காக நடந்துகொள்ளும். குட்டிச் சொற்கள்தான் உயிரை வாங்கும். ‘நே’ என்றால் கொரியருக்கும் கிரேக்கருக்கும் ‘ஆமாம்’, செர்பியருக்கோ ‘இல்லை’. ‘மா’ என்பது சீனரின் குரல் ஏறி இறங்குவதைப் பொறுத்து அம்மாவாகவும் இருக்கும், குதிரையாகவும் இருக்கும்; நம்மவர் வாயில் மாமரமாகிவிடும். இவற்றையெல்லாம் அவனும் அவனுக்கு முன்னால் இருந்தவர்களும் ஒருவழியாகச் சரிக்கட்டிவிட்டார்கள். ஒன்றே ஒன்று மட்டும் யார் கைக்கும் அடங்கவில்லை. அது ‘ம்’.

செவிமொழி அதை மொழிபெயர்க்காமல் அப்படியே ‘ம்’ என்று கடத்திவிடும். ஒருநாள் பல்கேரியப் பெண் ஒருத்தி, “தோட்டத்து வெப்பக் குழாயைத் திறந்துவிட்டாயா?” என்று கேட்டதற்கு நம் ஆள் ஒருவர் ‘ம்’ என்றார். திறந்தாயிற்று என்று அவள் போய்விட்டாள். தக்காளித் தோட்டம் முழுவதும் கல்லாக உறைந்தது. வெஸ்டாவில் ஒரு பருவம் முழுக்க ரசம் இல்லை. நாற்பது மொழிகளில் புகார்கள் குவிந்த பிறகுதான் குடியிருப்பு மன்றம் விழித்துக்கொண்டு, ‘ம்’ என்பதை உடனே மொழிபெயர்க்கும்படி மருதவாணனுக்கு ஆணையிட்டது.

மொழியறிஞர்களின் குழு கூடியது. ஜப்பானியர் அது மரியாதை என்றார். ரஷ்யர் அது சந்தேகம் என்றார். நல்ல சாப்பாடு வாயில் இருக்கும்போது வருவது என்று பிரெஞ்சு அம்மையார் வாதாடினார். தமிழுக்காக வந்திருந்த பேராசிரியர் ஏந்தல்நம்பி, ‘ம்’ என்பதற்குத் தமிழில்தான் அதிகப் பொருள் என்று பெருமையோடு ஆரம்பித்து, கதை கேட்கும் ‘ம்’, பெருமூச்சு விடும் ‘ம்’, மிரட்டும் ‘ம்’ என்று அடுக்கிக்கொண்டே போய், எல்லாவற்றிலும் தலையாயது சம்மதம் சொல்லும் ‘ம்’ என்று முடித்தார். அவர் சொல்லித்தான் தமிழர் வீட்டுக் கதவுகளில் ஒரு சலுகையே செய்யப்பட்டிருந்தது.

கதவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெஸ்டாவில் ஒருவர் நெடும்பயணம் கிளம்பினால் வீட்டுக் கதவு லேசில் திறக்காது. கூட வாழ்கிறவர் வாயைத் திறந்து சம்மதம் சொல்ல வேண்டும். கதவு அதைக் கேட்டுப் பதிந்துகொண்டு பிறகுதான் வழிவிடும். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகிறவர்களைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஆண் பெண் இருவருக்கும் பொது. தமிழர் வீடுகளில் மட்டும் ‘ம்’ என்றாலே போதும்.

அறிஞர்களின் சண்டை ஓயாது என்று தெரிந்ததும் மருதவாணன் வேறு வழி பிடித்தான். மனமானி என்று ஒரு தொப்பி செய்தான். ஒருவர் ‘ம்’ என்னும் நேரத்தில் அவர் மனம் உண்மையில் என்ன செய்கிறது என்று அது அளந்து சொல்லிவிடும். ஒவ்வொரு மொழியிலும் சிலர் தாமாக முன்வந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டு ஆள் ஒருவரின் பேச்சைப் பதிவுசெய்து ஓடவிட்டு, அவர்கள் போடும் ‘ம்’களைச் சேகரித்தார்கள். யார் யார் என்பது அவனுக்கே தெரியக் கூடாது என்பது விதி. அவன் பார்த்ததெல்லாம் வரைபடங்கள்தான்.

அந்த வரைபடங்களை வீட்டுக்கும் கொண்டுவந்தான். சாப்பாட்டு மேசையில் தட்டுக்கு ஒரு பக்கம் சாம்பார், மறுபக்கம் வரைபடம்.

அவன் மனைவி பொற்கொடி குடியிருப்பின் பனி உருக்கு நிலையத்தில் இருந்தாள். பாறையிலிருந்து தண்ணீர் வரவழைக்கும் வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பூமியை விட்டு வந்து மூன்று தலைமுறை ஆகியும் அந்த வீட்டில் ‘என்னங்க’ மட்டும் பத்திரமாக இருந்தது.

“என்னங்க, சீரிஸ் குறுங்கோள்ல புதுசா ஒரு பனி உருக்கு நிலையம் கட்டுறாங்களாம். என்னையத் தலைமைக்குக் கூப்பிடுறாங்க. ஆறு வருஷம். நீங்களும் கூட வரலாம், இடம் இருக்கு. நீங்க வர்றீங்களா, இல்ல வேணாம்னு எழுதிடவா?”

“ம்,” என்றான் மருதவாணன்.

எதற்கு ‘ம்’ என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலை மும்முரம், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். மறுநாள் போகட்டுமா என்று கேட்டாள். ‘ம்’ என்றான். அதற்கு மறுநாள் போக வேண்டாமா என்று கேட்டாள். அதற்கும் ‘ம்’ என்றான். அவன் ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். ‘நானும் வருகிறேன்’ என்றிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பாள். இரண்டில் ஒன்று அவன் வாயிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இன்னொரு நாள், அவனுக்குப் பிடித்த பேச்சையே எடுத்தால் காது கொடுப்பானோ என்று நினைத்து, “நானும் உங்க தொப்பியப் போட்டுக்கிட்டு வந்தேங்க. உங்க குரலத்தான் ஓடவிட்டாங்க. நீங்க செவிமொழி பத்தி ஏதோ பேசுறீங்க, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு,” என்றாள். மருதவாணன் அதற்கும் ஒரு ‘ம்’ போட்டுவிட்டு அடுத்த வரைபடத்தைப் புரட்டினான். பொற்கொடி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். அவளுக்கு அழுகை வந்தது. கதை சொல்லும் எனக்கே அவனை இரண்டு அறை விடலாம் போலிருந்தது.

ஆராய்ச்சியில் வந்த முடிவு அவனைத் திகைக்க வைத்தது. ஜப்பானியரின் மரியாதையும் ரஷ்யரின் சந்தேகமும் ஏந்தல்நம்பியின் சம்மதமும் அறிஞர்களின் வாயில் மட்டும்தான் இருந்தன. மனமானி நாற்பது மொழிகளிலும் ஒன்றையே காட்டியது. ‘ம்’ என்னும் நேரத்தில் மனம் வேறு எங்கோ இருக்கிறது. ஒருவர் நாளைய சமையலில் இருந்தார். ஒருவர் பழைய சண்டை ஒன்றில் இப்போது புதிதாகத் தோன்றிய பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். மனித குலம் முழுவதற்கும் பொதுவாக ஒரு சொல் இருக்கிறது, அதன் பொருள் ‘கேட்கவில்லை’ என்பதுதான்.

ஒரே ஒரு வரைபடம் மட்டும் ஒத்துவரவில்லை. தமிழ்ப் பிரிவில் யாரோ ஒரு பெண். அவள் போட்ட அத்தனை ‘ம்’களிலும் மனம் முழுவதும் பேச்சின் மேலேயே இருந்தது. ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை. மருதவாணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு மனிதர் இன்னொருவரை இந்த அளவுக்குக் கேட்க முடியும் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. ‘கருவிக் கோளாறு’ என்று குறித்து அதைத் தூக்கி எறிந்தான். கணக்கு அழகாகச் சேர்ந்துவிட்டது.

‘ம்’ ஒலிக்கும் விதத்தை வைத்தே மனம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லும் புதிய மொழிபெயர்ப்பைச் சோதனைக்காகத் தன் இடது காதில் மட்டும் ஏற்றிக்கொண்டு மன்றத்துக்குப் போனான். அறிக்கையைப் படிக்க ஆரம்பித்தான். தலைவர் ‘ம்’ என்று தலையசைத்தார். செவிமொழி அவன் காதில் நிதானமாக, ‘கேட்கவில்லை’ என்றது. அடுத்த இருக்கையிலிருந்து ஒரு ‘ம்’. ‘கேட்கவில்லை.’ பிறகு மேசையைச் சுற்றி ஒவ்வொரு மொழியிலும், ஒவ்வொரு ராகத்திலும், ஒரே பதில். மனிதர்கள் ஒருவரை ஒருவர் கேட்பதே இல்லை என்ற பகுதிக்கு வந்தபோது ‘ம்’கள் மழையாகப் பொழிந்தன. அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது. தலைவர் நன்றி கூறும்போது, தக்காளி உற்பத்தி பற்றி அரிய தகவல்கள் கிடைத்ததாகச் சொன்னார்.

மருதவாணனுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தன் கண்டுபிடிப்புக்கு இதைவிட நல்ல நிரூபணம் கிடைக்குமா? உற்சாகம் தாங்காமல், வெஸ்டாவின் லேசான ஈர்ப்பில் துள்ளித் துள்ளி வீட்டுக்கு வந்தான்.

பொற்கொடி பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். அவன் அவளை உட்காரவைத்து ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னான். தலைவர் எப்படித் தலையசைத்தார், அவர் மனம் எங்கே இருந்தது, நாற்பது மொழிகளும் ஒரு சொல்லில் எப்படி ஒன்று சேர்ந்தன என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். பெட்டி இடைஞ்சலாக இருக்கவே, பேச்சை நிறுத்தாமலே அதைத் தூக்கிக் கதவோரம் வைத்தான். அது ஏன் இவ்வளவு கனக்கிறது என்று அவன் கேட்கவில்லை.

“உலகத்துல ஒருத்தரும் ஒருத்தரையும் கேக்குறதே இல்ல, தெரியுமா?”

பொற்கொடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ம்,” என்றாள்.

அவன் இடது காதில் செவிமொழி சொன்னது: ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்.’

மருதவாணன் பேச்சை நிறுத்தினான். அன்று முழுவதும் அந்தக் காது சொல்லாத பதில் அது. புருவத்தைச் சுருக்கி மனைவியைப் பார்த்தான். அந்த ஒரு கணம் பொற்கொடிக்குள் நம்பிக்கை துளிர்த்தது, எழுந்தே நின்றுவிட்டாள்.

“அட, இது இன்னும் சரியாகல போலயிருக்கே. மறுபடியும் அதே கோளாறு,” என்றான். இடது காதைக் கழற்றி மேசை விளக்குக்குக் கீழே வைத்து, ஊசிமுனை திருப்புளியால் குடைய ஆரம்பித்தான்.

பொற்கொடி கதவோரம் போய்ப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

“சீரிஸ் கப்பல் வந்துடுச்சுங்க. நான் கிளம்புறேன். வேணாம்னா இப்பவாவது சொல்லுங்க. இருந்துடுறேன்.”

அவள் பேசியது தமிழ். அதைக் கேட்க அவனுக்குச் செவிமொழி தேவையே இல்லை. வலது காது பிறந்ததிலிருந்து நன்றாகத்தான் இருந்தது.

“ம்,” என்றான் மருதவாணன், தலையை நிமிர்த்தாமல்.

கதவு அதைக் கேட்டது. ‘சம்மதம்’ என்று பதிந்துகொண்டு, சத்தமில்லாமல் அவளுக்கு வழிவிட்டது.