புழு கரைத்த தண்ணீர்

பால்பாண்டி மாரிச்சாமிக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய். மனைவி வெள்ளைத்தாயின் ஆபரேஷனுக்கு வாங்கியது. பரளச்சிக்குக் கிழக்கே கிடக்கும் மக்காச்சோளக் காடு முழுக்கப் புழுவுக்கு மருந்தடித்துக் கொடுத்தால் கடனைக் கழித்துவிடுவதாக மாரிச்சாமி சொல்லியிருந்தார். பாதிக் காடு முடிந்தபோதுதான் கருவேல மரத்து உச்சியில் ஓர் ஓணான் செத்துத் தலைகீழாகத் தொங்கியது.

புழு அப்படித் தொங்கும்; அது தெரிந்ததுதான். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்தது விஷமில்லை, புழுவுக்கு நோய் கொடுக்கும் வைரஸ். சீக்கிரம் கொல்ல வேண்டுமென்று அதன் மரபணுவை மாற்றியிருந்தார்களாம். நோய் பிடித்த புழு தீனியை விட்டுவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி பயிரின் உச்சிக்கு ஏறி, பின்காலால் பற்றித் தொங்கி, தோல் கிழிந்து கீழ்த் தோகைகளில் சொட்டும். அதைத் தின்னும் புழுவும் ஏறும். செத்ததை எடுத்து மறுபடி அடிக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். இன்னொரு பாட்டில் வாங்க மாரிச்சாமிக்கு மனசு வரவில்லை. செத்த புழுக்களைப் பொறுக்கிவரச் சொல்லி, பழைய பழக்கப்படி வெறுங்கையால் அம்மியில் அரைத்து, துணியில் வடிகட்டி, அவரே ஸ்பிரேயரில் ஊற்றிவிட்டார்.

"மொதலாளி, ஓணான் தொங்குது."

"ஏலே, வேலைக்கு வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லு. ஓணான் மேல ஏம்லே பழிய போடுற?"

கடைசி நாள் காலையில், அவன் தொடாத கஞ்சியை வெள்ளைத்தாய் எடுத்து மூடினாள். "ஒங்க மொதலாளி ராப்பூரா மொட்டைமாடியிலயே நடக்குறாகளாம். சோறு தண்ணி இல்லையாம். நீங்களும் ஏன் எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கிறீக?"

"இந்தக் கடன் முடியட்டும். படுத்தா எந்திரிக்கவே மாட்டேன்."

வெயில் பட்டால் மருந்து செத்துவிடும் என்பதால், பொழுது சாயும் நேரத்தில் கடைசித் துண்டில் இறங்கினான். ஒழுகும் ஸ்பிரேயரின் ஈரம் வழக்கம்போல முதுகில் வழிந்து இடுப்பு வரை ஊறியது. தோகைகள் முழங்கையை அறுத்தன. அழுகிய பழத்தின் வாடை சட்டைக்குள்ளிருந்தே வருவதுபோல் இருந்தது. ஒரு காக்கை இல்லை. ஒரு பூச்சி கத்தவில்லை. எங்கோ சொட்டு விழும் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது.

வேலை முடிந்தது. ஸ்பிரேயரை இறக்கிவைத்துவிட்டு, கடன் கழிந்தது என்று முதலாளியின் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என மோட்டார் ரூமுக்கு நடந்தான். வாசலில் அவர் செருப்பு கிடந்தது. வேட்டி கிடந்தது. சொட்டு, பக்கத்தில் நின்ற உயரமான தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் விழுந்துகொண்டிருந்தது.

"மொதலாளி?"

அண்ணாந்து பார்த்தான்.

உச்சிக் கம்பியில் கால்களைக் கோத்துத் தொங்கினார். முகம் கறுத்து ஊதியிருந்தது. வாய் மட்டும் அசைந்தது.

"பால்பாண்டி... கணக்கு முடிஞ்சதுலே. நீ ஒண்ணும் தர வேணாம்."

கன்னத்துத் தோல் மெல்லப் பிரிந்தது. நெற்றியில் வெதுவெதுப்பாக ஏதோ விழுந்தது.

ஓட வேண்டும். வெள்ளைத்தாயிடம் போக வேண்டும். கடன் இல்லை என்று சொல்ல வேண்டும்.

திரும்பிக் கீழே பார்த்தான்.

தரை வெகு தூரத்தில் இருந்தது.

உள்ளங்கையில் இரும்பு. குளிர்ச்சி. மேலே நல்ல காற்று.

கை அடுத்த கம்பியைப் பிடித்தது.