லேண்ட்லைனைத் துண்டித்த மாலை

மணி அடித்ததும் அடுப்பைத் தணித்துவிட்டு ஹாலுக்கு ஓடிவந்து, ரிசீவரைக் காதில் வைத்து, "வீட்லதாங்க இருக்கேன்" என்று சொல்லி முடித்த பிறகுதான் ஜூடித்துக்கு உறைத்தது: கணவன் சிரிலைப் போன மாதமே அடக்கம் செய்தாயிற்று.

மறுமுனையில் பேச்சில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் அவன் வேலை பார்த்த பட்டறையின் லேத் மெஷின்கள் எங்கோ தூரத்தில் சுழல்வதுபோல ஓர் இரைச்சல். அதைவிடக் கிட்டத்தில், வாயை மிக அருகில் வைத்துக்கொண்டு யாரோ மூச்சுவிடும் ஓசை. பிறகு, பதிலில் திருப்திப்பட்டதுபோல, லைன் நின்றுபோனது.

கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். ஷிஃப்டுக்கு நடுவில் நினைத்தபோதெல்லாம் கூப்பிடுவான். "வீட்லதானே?" அவ்வளவுதான் கேள்வி. மர்பி டவுனில் அந்தச் சந்து முழுக்க செல்போனுக்கு மாறியும் அவளுக்கு மட்டும் அவன் வாங்கித் தரவில்லை. செல்லை எங்கே நின்றும் எடுக்கலாம். இதை எடுக்க வீட்டில் இருந்தாக வேண்டும். ஒருமுறை சர்ச்சில் பாட்டுப் பயிற்சி முடிந்து அவள் தாமதமாக வந்தபோது, விளக்குப் போடாத ஹாலில் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். அடிக்கவில்லை, திட்டவில்லை. "மணி அடிச்சுது, நீ எடுக்கல. அதான் வந்துட்டேன்" என்றான். அதற்கப்புறம் அவள் பாடப் போகவில்லை.

இப்போதும் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவளும் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். கடைக்குப் போவது நின்றது. குளிக்கும்போதும் கதவைத் திறந்தே வைத்தாள்.

தொம்மலூரிலிருந்து தங்கை சோஃபியா புது செல்போனோடு வந்தாள்.

"அக்கா, யாரோ பிளாங்க் கால் குடுத்து வெளாடறான். இந்த லைனைக் கட் பண்ணு. செல்ல வெச்சிக்கிட்டு எங்கூட வந்து இரு."

"எடுக்கலன்னா வந்துடுவாருடி."

"யாரு, மாமாவா? மண்ணு போட்டது நாமதானே, க்கா?"

அந்தக் கேள்வி ஜூடித்துக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. நாலைந்து நாள் யோசித்தாள். ஒரு மழை மாலையில், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கத்தரிக்கோலால் வயரை வெட்டினாள். மணி பாதியில் அறுந்தது. வீடு அத்தனை அமைதியாக இருந்து அவள் கேட்டதே இல்லை. துணிப்பையோடு சந்து முனைக்கு ஓடி ஆட்டோ பிடித்தாள்.

"சாரல் அடிக்குதும்மா" என்று டிரைவர் இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிக் கயிறு கட்டினார். மெட்ரோ தூண்களுக்கு அடியில் வண்டி ஊர்ந்தது. தார்ப்பாயில் மழை படபடத்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு, தான் எங்கே இருக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது என்பதை நினைத்து அவள் சிரித்தேவிட்டாள்.

மடியில் சோஃபியா கொடுத்த செல் அதிர்ந்தது.

அந்த நம்பர் சோஃபியாவுக்கு மட்டும்தான் தெரியும். திரையில் வந்தது சோஃபியா அல்ல. வீட்டு லேண்ட்லைன் எண்.

"போன் அடிக்குதும்மா" என்றார் டிரைவர்.

எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

நின்றது.

மூச்சு விட்டாள். பாதி மூச்சில்தான் புரிந்தது. எடுக்காவிட்டால் வருவான். இதுவரை வீட்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது. போன் அங்கேதானே இருந்தது.

இப்போது போன் இங்கே.

பக்கத்து சீட் மெல்ல அமுங்கியது.

ஈர மண் வாசனை. மழை மண் அல்ல. ஆழத்து மண்.

அவள் திரும்பவில்லை.

டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். அதில் அவளுக்குப் பக்கத்து சீட்டைப் பார்த்தார். எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்தார்.

"சரி சார். வந்த வழியே திருப்பறேன்."

வண்டி திரும்பியது. அவள் பக்கத்துத் தார்ப்பாயின் கயிறு காற்றில் அவிழ்ந்து, தெருவின் வெளிச்சம் ஒரு கோடாக உள்ளே விழுந்தது. குதித்துவிடலாம். காலை நகர்த்தினாள்.

அவளைத் தாண்டி ஒரு கை நீண்டது. நகங்களுக்குள் செம்மண். கயிற்றைப் பிடித்தது. நிதானமாக, உள்ளிருந்தே, முடிச்சுப் போட்டது.