பாட்டில் அதிகாரியின் மூடி

வகுப்பில் அவளை எல்லோரும் 'மேடை' என்றுதான் கூப்பிடுவார்கள். ரப்பர் இரவல் கேட்பதற்குக்கூட எழுந்து நின்று, "அன்பான நண்பர்களே" என்று தொடங்குகிற ரகம் அவள்.

அப்படிப்பட்டவளுக்கு டீச்சர் ஒரு வேலை கொடுத்துவிட்டார்.

"இந்த மாசம் மூணு பேருக்கு வயித்துவலி. எல்லாரோட தண்ணி பாட்டிலையும் கொஞ்சம் பார்த்து எழுதி வைம்மா."

அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் மேடை, ஜிகினா ஒட்டிய அட்டை பேட்ஜோடு வந்து நின்றாள். 'பாட்டில் பாதுகாப்பு அதிகாரி' என்று எழுதியிருந்தது. இடம் போதாமல் 'ரி' மட்டும் தனியாகக் கீழே தொங்கியது.

ஒரு கையில் டார்ச், மறு கையில் சிவப்புப் பேனா. சோதனை ஆரம்பமானது.

"இது கடையில தண்ணியோட வாங்கின பாட்டில். ஒரு தடவை குடிச்சிட்டுத் தூக்கிப் போடணும். எத்தனை நாளா வச்சிருக்கே?"

"ஞாபகமில்ல."

"செல்லாது. அடுத்து?"

"அம்மா இதுல சுடுதண்ணி ஊத்திக் குடுத்தாங்க."

"சூடா எதுவும் ஊத்தக் கூடாதுன்னு அடியில போட்டிருக்கு பாரு. செல்லாது."

சொன்னதெல்லாம் சரிதான். சொன்ன தோரணைதான், நீதிபதி தீர்ப்பு வாசிப்பது போல இருந்தது.

கடைசி பெஞ்சில் 'குழாய்' உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா குழாய் ரிப்பேர் செய்பவர். அந்தப் பெயர் மகள் மேல் ஒட்டிக்கொண்டது. அவள் பாட்டில் உடம்பெல்லாம் ஒரே கீறல்.

மேடை அதை இரண்டே விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கிக் காட்டினாள்.

"நண்பர்களே, பாருங்க. கீறல் விழுந்த பிளாஸ்டிக்ல கிருமி குடித்தனமே நடத்தும். இதுல இருக்கிற தண்ணியை நான் செடிக்குக்கூட ஊத்த மாட்டேன்."

வகுப்பே சிரித்தது. குழாய் பாட்டிலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"கீறல் வெளியிலதான். அப்பாவோட ஸ்பேனர் பையில கிடந்துச்சு." பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீ உன் மூடியில இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழட்டிக் கழுவுவியா?"

"எந்த வளையம்?"

"ஒண்ணுமில்ல, விடு."

செல்லாத பட்டியலில் குழாயின் பெயர் மற்றவர்களைத் தாண்டி முதலில் ஏறியது. நல்ல பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று கேட்கவே வேண்டாம். பக்கத்தில் நட்சத்திரம் வேறு ஒட்டியிருந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் மேடை தன் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு வளையம் இருக்கத்தான் செய்தது. ஸ்பூன் காம்பால் நெம்பினாள். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

அடியில் ஒரே கறுப்பு. வழவழவென்று, பாசி பிடித்த தொட்டி போல. முகர்ந்து பார்த்தாள். முகராமலே இருந்திருக்கலாம்.

இத்தனை மாதமாக இதன் வழியாகத்தான் குடித்திருக்கிறாள். இதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் ஊருக்கெல்லாம் தீர்ப்பு சொல்லியிருக்கிறாள். 'செடிக்குக்கூட ஊத்த மாட்டேன்' என்ற தன் குரல் தனக்கே கேட்டது. காது இரண்டும் சுட்டன.

"என்னடி, குழாய் அது பாட்டுக்கு ஓடுது?" என்று அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் மேடைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணுமில்லம்மா."

சோப்பும் பழைய டூத்பிரஷும் வைத்துத் தேய்த்தாள். கறுப்பு போய்விட்டது. வளையத்தை ஜன்னலில் காய வைத்தாள். யாரும் பார்க்கவில்லை. அதுதான் தொந்தரவாக இருந்தது. யாராவது பார்த்து நாலு திட்டுத் திட்டியிருந்தால் அதோடு போயிருக்கும்.

மறுநாள் விளையாட்டு வகுப்பு முடிந்ததும் எல்லோரும் மடக் மடக்கென்று குடித்தார்கள். குழாய் மட்டும் பாட்டிலை வெளியே எடுக்கவில்லை.

"தாகமா இல்லையா?" என்று மேடை கேட்டாள்.

"இல்ல." உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது.

டீச்சர் உள்ளே வந்தார். "பட்டியலை வாசிம்மா. அறிவிப்புப் பலகையில ஒட்டணும்."

மேடை எழுந்து போய் முன்னால் நின்றாள். 'அன்பான நண்பர்களே' வரவில்லை. நட்சத்திரத்தை நகத்தால் சுரண்டினாள். அதுவும் லேசில் வரவில்லை.

"செல்லாத பட்டியல்ல முதல் பேர் என்னோடது," என்றாள். "என் மூடிக்குள்ள வளையத்துக்கு அடியில கறுப்பா இருந்துச்சு. நேத்துதான் பார்த்தேன். வளையத்தைப் பத்திச் சொன்னதே குழாய்தான். அவ பாட்டிலுக்குள்ள நான் பார்க்கவே இல்ல. வெளியில பார்த்துட்டு எழுதிட்டேன். அதை வச்சு எல்லாரையும் சிரிக்கவும் வச்சேன்."

"உவ்வே," என்றது ஒரு குரல். மேடை தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சர் மேஜைக்குக் கீழே தன் பாட்டில் மூடியைத் திறந்து, பேனா முனையால் எதையோ நெம்பிப் பார்த்தார். சட்டென்று மூடினார்.

"பட்டியலை... அடுத்த வாரம் ஒட்டிக்கலாம்," என்றார். "எல்லாரும் வீட்டுல போய் வளையத்தைக் கழட்டிப் பாருங்க. நானும் பார்க்கறேன்."

இடைவேளையில் மேடை தன் பையைத் திறந்தாள். உள்ளே குளம். நோட்டுகள் ஊறியிருந்தன. விளையாட்டு முடிந்து குடித்துவிட்டுப் படுக்க வைத்த பாட்டில் காலி.

குழாய் எட்டிப் பார்த்தாள். "வளையம் எங்கேடி?"

"ஜன்னல்ல காயுது."

"அது இல்லாம மூடினா ஒழுகத்தான் செய்யும்." குழாய் தன் பையிலிருந்து கீறல் பாட்டிலை எடுத்தாள். முதலில் தான் பாதி குடித்தாள். அப்புறம் நீட்டினாள். "இந்தா. வாய் வைக்காம தூக்கிக் குடி."

"நான் நேத்து செடிக்குக்கூட..."

"நீ செடி இல்லையே. குடி."

மேடை அண்ணாந்து தூக்கி ஊற்றினாள். பழக்கமில்லாத வேலை. பாதி வாய்க்குள் போனது. மீதி பேட்ஜில் கொட்டியது. மை கரைந்து ஓட, 'பாதுகாப்பு அதிகாரி' போய் 'பாட்டில்' மட்டும் மிஞ்சியது.

அதைப் பார்த்து முதலில் சிரித்தவள் குழாய். அடுத்து சிரித்தவள் மேடை.