சீனியர் பெயருக்கு வந்தது

அனுப்பியவர் இல்லாமல் ஒரு தபால் எப்படி வந்து நிற்கும், யாராவது அனுப்பித்தானே ஆகவேண்டும், நான்தான் எங்கோ தப்பாகப் பார்க்கிறேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். புது மெயில் சர்வரின் கறுப்புத் திரையில், இன்னும் போய்ச் சேராத தபால்களின் வரிசையில் ஒன்றே ஒன்று நின்றது. பெறுநர் இடத்தில், அவளுக்கு முன் இந்த வேலையைப் பார்த்துவிட்டு நின்றுபோன சீனியரின் பெயர். அனுப்புநர் இடம் காலி. காலியாக இருப்பதுகூடப் பரவாயில்லை. முகவரி தவறித் திரும்பி வரும் தபால்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் இதன் அளவு, சற்றுமுன் பார்த்ததைவிடக் கூடியிருந்தது. வரிசையில் நிற்கும் தபால் வளராது. ஒட்டி மூடிய உறை பைக்குள் கிடந்தபடியே தடிக்குமா என்ன?

விடுமுறை நாளின் மதியம். சரக்கு அனுப்பும் அந்த அலுவலகத்தில் அவளையும் வாசலில் இருந்த வாட்ச்மேனையும் தவிர யாரும் இல்லை. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது சன்னல் இல்லாத சர்வர் அறைக்குத் தெரியவில்லை. அங்கே எப்போதும் ஒரே குளிர், சூடேறிய தூசியின் கருகல் வாசனை, விசிறிகளின் ஓயாத இரைச்சல். கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தால் அந்த இரைச்சல் காதைவிட்டுப் போய்விடும். இன்று போகவில்லை. இரைச்சலுக்கு அடியில், பக்கத்து அறையில் யாரோ கனமான பையை இழுத்து இழுத்து நகர்த்துவதுபோல் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து அறை என்று ஒன்று இல்லை.

நாளை காலை ஆபிஸ் திறப்பதற்குள் மெயில் ஓடியாக வேண்டும். "ஓடலேன்னா நீ வீட்ல ஓய்வா இரு, நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரித்துக்கொண்டு சொல்பவர்கள்தான் செய்வார்கள். மகளைத் தனியாக வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கணவன் விட்டுப்போன பிறகு இப்படி எத்தனையோ விடுமுறைகள். ஒவ்வொரு முறையும் பூட்டைத் திருப்பும்போது கையில் ஒரு கூச்சம் வரும், தெருத் திரும்பியதும் மறைந்துவிடும். மறைந்துவிடுகிறதே என்பதுதான் அவளுக்குள் இருந்த உண்மையான கூச்சம்.

காலையில் எல்லாம் சரியாகவே போயிற்று. பழைய சர்வரில் சீனியர் விட்டுப்போன அமைப்புகளைப் புதியதற்கு மாற்றும்போது ஒரு வரி கண்ணில் பட்டது. அவர் பெயருக்கு எது வந்தாலும், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று சொல்லித் திருப்பிவிடச் சொல்லும் வரி. யாரிடமும் சொல்லாமல் வேலையைவிட்டு நின்றவர், போகிற போக்கில் கதவையும் அறைந்து சாத்திவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தாள். அவருக்கு எழுதுகிற பழைய வாடிக்கையாளர்கள், தபால் திரும்பி வருகிறதென்று மேனேஜரிடம் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த வரியை எடுத்தாள். அவருக்கு வருவதெல்லாம் தனக்கு வரும்படி மாற்றினாள். தன் மெயில் பெட்டியில் போட முடியாவிட்டால் அடுத்து யாருக்குப் போகவேண்டும் என்ற இடத்தில், சோதனைக்காக, 'குட்டி' என்று மகளின் செல்லப்பெயரை எழுதினாள்.

அவர்கள் இருவருக்கும் அது பழகிய வேலை. இவள் இங்கிருந்து அனுப்புவாள், மகள் வீட்டில் கைபேசியைப் பார்த்துச் சொல்வாள்.

"வந்துடுச்சும்மா. அடுத்தது?"

"இரு, இப்ப வரும்."

"எனக்குச் சம்பளம் எப்ப வரும்? அது மட்டும் எப்பவும் லேட்டு."

அதற்குப் பிறகுதான் அவளுடைய பெட்டி மக்கர் செய்தது. எழுத அனுமதி இல்லை என்றது. எங்கோ உரிமையைத் தவறாகக் கொடுத்திருக்கிறாள், தேடவேண்டும். தேடிக்கொண்டிருந்தபோதுதான் இந்தத் தபால்.

வரிசையிலிருந்து அதை அழித்தாள். அழிந்தது என்றது திரை. மறுபடி பார்த்தாள். நின்றது. முன்னைவிடப் பெரிதாக.

கைபேசி அடித்தது.

"அம்மா, நீ யாரையாச்சும் வீட்டுக்கு அனுப்பினியா?"

"இல்லையே. ஏன்?"

"கதவைத் தட்டறாங்க. யாருன்னு கேட்டா பேச மாட்டேங்கறாங்க. அப்புறம் குட்டி இருக்காளான்னு மட்டும் கேட்டாங்க."

குட்டி என்று மகளைக் கூப்பிட அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

"ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

"தெரியலம்மா. நிறைய பேர் சேர்ந்து பேசற மாதிரி இருக்கு. ஆனா கதவு ஓட்டையில பாத்தா யாருமே இல்ல."

"திறக்காதே. போனை வைக்காதே. உள் ரூமுக்குப் போ."

சர்வர் செய்வதையெல்லாம் வரிவரியாகப் பதியும் லாக் திரையில் புதிதாக ஒரு வரி ஏறியது. குட்டி: பதில் இல்லை. மீண்டும் முயலும். அதே நொடியில் கைபேசிக்குள் தட்டும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத தட்டல். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு வரி, மறுபடி தட்டல். இந்த முறை இடைவெளி இன்னும் நீளம். அவளுக்கு இந்தக் கணக்குத் தெரியும். போய்ச் சேராத தபாலை சர்வர் இப்படித்தான் விட்டு விட்டு முயலும், பொறுமையாக. அதற்குக் கோபம் வராது. களைப்பும் வராது.

'குட்டி'யை அழித்தாள். சர்வரை மறுபடி கிளப்பினாள். வெளியே போகும் கேபிளைப் பிடுங்கினாள்.

குட்டி: பதில் இல்லை. மீண்டும் முயலும்.

மேசைமேலிருந்த ஆபிஸ் போனில் சீனியரின் எண்ணை அழுத்தினாள்.

"சார், நான்தான். உங்க பேருக்கு ஒரு மெயில்..."

"வாங்கிட்டியாம்மா?" என்றார் அவர்.

"உங்க பேர்ல இருந்த அந்த வரிய எடுத்து எனக்கு வர்ற மாதிரி மாத்தினேன், என் பெட்டி பூட்டிக்கிச்சு, அடுத்ததா என் பொண்ணு பேரைப் போட்டிருந்தேன். என்ன சார் அது? என் பொண்ணு வீட்ல தனியா இருக்கா. கதவை யாரோ..."

"நான் இல்லைன்னு சொல்லித்தான் தப்பிச்சேன். நீ இருக்கேன்னு சொல்லிட்ட. நம்ம தொழில் தெரியும்ல? ஏத்துக்கிட்டேன்னு ஒருதடவை சொல்லிட்டா அது நம்ம பொறுப்பு. திருப்ப முடியாது."

"பேரை எடுத்துட்டேன் சார்!"

"எடுத்தா போகாது. யாராவது ஒருத்தர்கிட்ட அது போய்ச் சேரணும். சேர்ந்துட்டா மத்த இடத்துல நின்னுடும். உன் பெட்டி பூட்டியிருக்கு, அதான் அடுத்த பேரைத் தேடிப் போயிருக்கு." குரலைத் தாழ்த்தினார். "வேற ஒரு பேரைப் போட்டு விடும்மா. வாசல்ல இருக்காரே, அந்த வாட்ச்மேன். பாவம், அவருக்குன்னு கேக்க யாரும் கிடையாது."

கைபேசிக்குள் மகள் அழத் தொடங்கியிருந்தாள். "அம்மா, தாழ்ப்பாள் ஆடுது. தானா ஆடுதும்மா."

அவள் வாட்ச்மேனின் பெயரை அடித்தாள். முழுப் பெயரையும். ஒரு எழுத்தும் பிழையில்லாமல் அடித்தாள். காலையில் குடையில்லாமல் வந்தவளைப் பார்த்து, "நனைஞ்சா பொண்ணை யாரும்மா பாப்பாங்க" என்று திட்டியவர். என்டர் விசைக்குமேல் விரல் நின்றது. எவ்வளவு சுலபம். யாருக்கும் தெரியாது. நாளை காலை மெயில் ஓடும்.

"போட்டியாம்மா?" என்றார் சீனியர்.

அவள் அந்தப் போனை வைத்தாள்.

எழுத்தெழுத்தாக அந்தப் பெயரை அழித்தாள். தன் பெட்டியின் உரிமைகளைப் பார்த்தாள். தவறு இப்போது பளிச்சென்று தெரிந்தது. எவ்வளவு சின்னத் தவறு. திருத்தினாள். எழுத அனுமதி கொடுத்தாள். வரிசையை உடனே அனுப்பச் சொன்னாள்.

என்டர்.

ஒரு வரி. போய்ச் சேர்ந்தது.

வரிசை காலி.

கைபேசிக்குள் தட்டல் இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும்.

"அம்மா. நின்னுடுச்சு. போயிட்டாங்க போல."

"சரிம்மா. எதிர் வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிட்டு அவங்க கூடப் போய் இரு. இன்னிக்கு அங்கேயே தூங்கு."

"நீ வரலையா?"

விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. இத்தனை நாளில் அந்த அறையில் அவள் கேட்டிராத அமைதி. இழுபடும் சத்தமும் நின்றுவிட்டது. வந்து சேர்ந்துவிட்டதால். நாற்காலியின் முதுகுப்பலகை மெல்லப் பின்னால் சாய்ந்தது, யாரோ அதன்மேல் கையூன்றியதுபோல். பிறகு இன்னொரு கை. பிறகு இன்னொன்று. இன்னும்.

"அம்மா, உன் பக்கத்துல யாரு? யாரோ மூச்சு விடறாங்க. நிறைய பேர்."

"ஒண்ணுமில்லடா."

"பின்னாடிதான் கேக்குது. திரும்பிப் பாரேன்மா."

ஈரமான ஏதோ அவள் கழுத்து முடியைப் பதமாக ஒதுக்கியது.

"அம்மா, ஒருதடவை திரும்பிப் பாரு."

இந்த முறை அந்தக் குரல் கைபேசியிலிருந்து வரவில்லை.

"மாட்டேன்" என்றாள் அவள், மிக மெதுவாக, திரையைப் பார்த்தபடியே.